திண்ணையில் வந்து உட்காரும் பிளேயர்

அம்மா கும்பகோணத்திலிருந்து கொல்கத்தா வந்திருந்தார். எங்கள் வீடு லேக் மார்க்கெட் பக்கம். வாழையிலை, கறிவேப்பிலை, காப்பிப்பொடி எல்லாமே தெருமுனையில் கிடைத்துவிட்டதால் ஊர் மாறிய கவலை அவருக்கு இல்லை. ஏழு மணித் தமிழ்ச் செய்தி ஒன்றுதான் குறை. வீட்டு டிவியில் நாங்கள் பணம் கட்டியிருந்த தொகுப்பில் தமிழ்ச் சேனல் கிடையாது. மகளுக்கு வாங்கி நான்கு நாளே ஆன லேப்டாப்பைத் திறந்தேன். அதில் இன்னும் எந்த மென்பொருளையும் நிறுவியிருக்கவில்லை. சேனலின் பக்கத்துக்குப் போய் முக்கோணத்தைத் தட்டினேன். இரண்டே விநாடியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னார்.

அம்மா திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இதுக்குன்னு தனியா எதையும் போட வேண்டாமாடா? முன்னாடியெல்லாம் அதை இறக்கணும், இதை இறக்கணும்னு உட்கார்ந்திருப்பியே?"

அவருக்கு நல்ல ஞாபகம். 2000களின் தொடக்கத்தில் இணையத்தில் ஒரு காணொளியைத் தட்டினால் படம் வராது. இதைப் பார்க்க இந்த பிளேயர் வேண்டும் என்று ஒரு பெட்டிதான் வரும். ஒரு தளத்துக்கு ஒன்று, இன்னொரு தளத்துக்கு இன்னொன்று. இறக்கி நிறுவினால் அது தன் உறவுக்கூட்டத்தையும் அழைத்துக்கொண்டு வரும். உலாவியின் தலையில் ஒரு கருவிப்பட்டை, திரை மூலையில் ஒரு சின்னம், கணினியைத் திறக்கும்போதெல்லாம் தானாக எழுந்துகொள்ளும் ஒரு நிரல், புதிய பதிப்பு வந்துவிட்டது என்ற நச்சரிப்பு. ஐந்து நிமிடக் கச்சேரி ஒன்றைப் பார்ப்பதற்காக நான் நிறுவிய ஒரு பிளேயர், கணினியில் இருந்த பாட்டுக் கோப்புகள் எல்லாவற்றையும் தன் பெயருக்கு எழுதிக்கொண்டது. அதை வெளியேற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

அந்த பிளேயர்கள் எங்கே போயின என்று அன்றிரவு யோசிக்கத் தொடங்கினேன். அவை செய்த வேலைகளில் ஒன்றுகூட நின்றுபோகவில்லை என்பதுதான் என்னை வியக்க வைத்தது. ஒரே மூட்டையாக வந்து வீட்டை அடைத்துக்கொண்ட பொருள் இப்போது பிரிந்து வெவ்வேறு இடங்களில் குடியேறியிருக்கிறது. ஒரு பகுதி சிப்புக்குள் போய்விட்டது. ஒரு பகுதி உலாவிக்குள் கரைந்துவிட்டது. இன்னொரு பகுதி நாம் பக்கத்தைத் திறக்கும்போது வருகிறது, மூடும்போது போய்விடுகிறது.

டிவிப் பெட்டிக் காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. கொல்கத்தாவில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 9 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆறே நாள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, சென்னை. விநாடிக்கு 25 படம், ஒவ்வொரு படத்துக்கும் 625 கோடு. நாடு முழுக்க அதுதான் விதி. பெட்டியை வாங்கி மொட்டைமாடியில் ஆண்டெனாவைத் திருப்பிவைத்தால் போதும். அலையைப் படமாக்கும் வித்தை பெட்டிக்குள் பிறவியிலேயே இருந்தது. கணினிக்கு அப்படி ஒரு பிறவி வித்தை இல்லை. எழுத்தும் எண்ணும் தெரிந்த இயந்திரத்துக்குப் படம் பார்க்க யாராவது கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆசிரியர்தான் பிளேயர்.

கற்றுக்கொடுக்க அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒரு சின்னக் கணக்கு. முழு உயர்தெளிவுத் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 படப்புள்ளிகள். பெருக்கினால் இருபது லட்சத்துக்கும் அதிகம். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் ஒரு படத்துக்கு ஆறு மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். விநாடிக்கு 25 படம் என்றால் 155 மெகாபைட். அரைமணி நேரச் செய்தியை அப்படியே சேமித்தால் 280 ஜிகாபைட். சுமார் அறுபது டிவிடி வட்டுகள். ஆனால் அன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது விநாடிக்கு நான்கு மெகாபிட் மட்டும். அரைமணிக்கு 900 மெகாபைட். அதாவது முந்நூறில் ஒரு பங்குதான் பயணம் செய்தது. மற்ற 299 பங்கு சென்னையிலேயே கழற்றிவைக்கப்பட்டு, கொல்கத்தாவில் என் மடியில் திரும்பக் கட்டப்பட்டது.

இப்படிக் கழற்றிக் கட்டும் முறைக்கு கோடெக் என்று பெயர். குறிமுறையாக்கி, பின் அதை விடுவிக்கும் இரட்டை வேலையைச் சொல்லும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் ஒட்டிப் பிறந்த சொல். இதை அம்மாவுக்கு விளக்குவது எளிதாக இருந்தது, ஏனென்றால் அவர் அறுபது வருடமாக ஒரு கோடெக்கைப் பயன்படுத்திவருகிறார். "பதினைந்து புள்ளி, எட்டில் முடிய, இடைப்புள்ளி" என்று ஒருவர் சொன்னால் போதும், அவர் விரல் 169 புள்ளிகளையும் சரியான இடத்தில் வைத்துவிடும். 169 புள்ளியின் இடத்தையும் யாரும் எழுதி அனுப்புவதில்லை. அனுப்புபவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே இலக்கணம் தெரிந்திருந்தால் சொல்ல வேண்டியது மிகக் குறைவு.

காணொளியின் இலக்கணம் இதைவிடச் சற்று ஆழமானது. படத்தை எட்டுக்கு எட்டாக, 64 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எழுதாமல், அந்தக் கட்டத்துக்குள் எந்தெந்த அலைவடிவம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதுகிறார்கள். முதல் வடிவம் கட்டம் முழுக்க ஒரே நிறம். அடுத்தது இடமிருந்து வலமாக மெல்ல வெளுப்பது. போகப்போகக் கோடுகள் நெருங்கி, கடைசி வடிவம் சதுரங்கப் பலகைபோலப் பொடிப்பொடியாகிவிடும். மொத்தம் 64 வடிவங்கள். உலகத்தில் எந்தக் காட்சியின் எந்தக் கட்டத்தையும் இந்த 64-இன் கலவையாகச் சொல்லிவிடலாம். 64 எண்ணுக்குப் பதில் 64 எண்தானே, இதில் என்ன லாபம்? இயற்கையான படங்களில் அந்த எண்களில் பெரும்பாலானவை பூஜ்யத்தை ஒட்டி வந்து நிற்கின்றன. செய்தி வாசிப்பவரின் பின்னால் உள்ள நீலச் சுவரின் ஒரு கட்டத்துக்கு ஒரே ஓர் எண் போதும். மிகப் பொடியான வடிவங்களில் சிறிது குறைந்தாலும் நம் கண் கண்டுகொள்வதில்லை. அவற்றைத் துணிந்து விட்டுவிடலாம்.

தனிநிலைக் கொசைன் உருமாற்றம் என்ற இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் மூன்று பெயர்களைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நாசிர் அகமது, அவருடைய ஆய்வு மாணவர் டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு டெக்சஸில் பேராசிரியரான கே. ஆர். ராவ். அகமது 1972-இல் இந்த ஆய்வுக்காக அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. கருத்து ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது ஒரு மதிப்பீட்டாளரின் குறை. மூவரும் விடாமல் வேலை செய்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார்கள். நான்கே பக்கம். இன்று நாம் அனுப்பும் புகைப்படத்திலும் பார்க்கும் காணொளியிலும் அந்த நான்கு பக்கம் இருக்கிறது. கட்டத்தின் அளவும் கணக்கின் நுணுக்கமும் மாறியிருக்கின்றன, அடிப்படை அதேதான்.

நம் கண்ணின் ஒரு குறையும் இங்கே கைகொடுக்கிறது. வெளிச்சத்தில் ஏற்படும் நுண்ணிய மாறுதலைக் கண் கூர்மையாகப் பிடிக்கும்; நிறத்தில் அந்தக் கூர்மை இல்லை. அதனால் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி அனுப்பி, நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறை அனுப்புகிறார்கள். சுமை பாதியாகிவிடுகிறது. பட்டுப்புடவையின் கரை அப்படியேதான் தெரிகிறது.

மிச்சமுள்ள பெரிய சேமிப்பு காலத்தில் இருக்கிறது. கொல்கத்தா எஸ்பிளனேடில் ஒரு டிராம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 படத்திலும் பின்னால் நிற்கும் கட்டடம் அதேதான். டிராமும் அதேதான், சற்று நகர்ந்திருக்கிறது. எனவே டிராமை மறுபடி வரைந்து அனுப்ப வேண்டாம். முந்தைய படத்தில் இன்ன இடத்தில் இருந்த கட்டத்தை எடுத்து இத்தனை புள்ளி வலப்பக்கம் தள்ளி ஒட்டு என்றால் போதும். இதற்கு அசைவுத் திசையன் என்று பெயர். அவ்வப்போது ஒரு முழுப்படம். இடையில் உள்ளவை எல்லாம் "முன்னதைப் பார்" என்ற குறிப்புகள். சில படங்கள் முன்னதை மட்டுமல்லாமல் பின்னதையும் பார்க்கும். டிராம் விலகியபின் தெரியும் கடைவாசல் அடுத்த படத்தில்தானே இருக்கிறது? அதனால் பின்னால் வர வேண்டிய படத்தை முதலிலேயே அனுப்பிவிட்டு, அதன் துணையோடு நடுவில் உள்ள படத்தைக் கட்டுகிறார்கள். படங்கள் வரிசை மாறி வந்து சேர்கின்றன. மடிக்கணினி அவற்றைக் கலைத்து அடுக்கி, சரியான முறைப்படி திரைக்கு அனுப்புகிறது. நம் கண்ணெதிரே ஓடும் ஒவ்வொரு விநாடியிலும் எதிர்காலம் ஒரு நொடிப்பொழுது முன்பே வந்து காத்திருக்கிறது.

இத்தனை கணக்கையும் 2000களில் கணினியின் மைய மூளை தனியாளாகச் செய்தது. விசிறி இரையும், மடி சுடும். 2003-இல் எச்.264 என்ற பொதுவிதி வந்தபின் காட்சி மாறியது. அந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. அது எப்படிக் கட்டுவது என்பதை மட்டும் பிட்டுப் பிசகாமல் வரையறுக்கிறது. எப்படிக் கழற்றுவது என்பதைச் சொல்வதே இல்லை. அனுப்புபவர் தன் திறமைக்கேற்ப எவ்வளவு சாமர்த்தியமாக வேண்டுமானாலும் கழற்றலாம். வாங்கும் பக்கம் மாறவே வேண்டாம். மாறாத ஒரு வேலையை மென்பொருளில் வைத்திருப்பானேன்? அதைச் சிலிக்கனில் செதுக்கிவிட்டார்கள். இன்று ஏறக்குறைய எல்லாக் கைபேசியிலும் மடிக்கணினியிலும் காணொளியைக் கட்டுவதற்கென்றே ஒரு சின்னப் பேட்டை சிப்புக்குள் இருக்கிறது. 1975-இன் டிவிப் பெட்டிக்கு இருந்த பிறவி வித்தை கணினிக்கும் வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முந்தைய சிப், நேற்று எழுதப்பட்ட சிறந்த கழற்றும் நிரலிலிருந்து வரும் படத்தையும் தயங்காமல் கட்டிவிடும்.

சிப்புக்குள் வித்தை இருந்தால் மட்டும் போதுமா? இணையப் பக்கத்துக்கும் அந்த வித்தைக்கும் நடுவே ஒரு கதவு வேண்டும். 1990களின் நடுவில் திறக்கப்பட்ட முதல் கதவுக்குச் செருகுநிரல் என்று பெயர். வேறொருவர் எழுதிய நிரலை உலாவிக்குள் செருகிக்கொள்வது. அதன் ஆபத்து அதன் அமைப்பிலேயே இருந்தது. செருகியவுடன் அந்த நிரலுக்கு உங்களுக்குள்ள உரிமை முழுவதும் கிடைத்துவிடும். உங்கள் கோப்புகளைப் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். தண்ணீர் கேட்டு வந்தவரிடம் பீரோச் சாவி உள்பட மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுப்பது போல. பெரிய நிறுவனங்களும் அந்த நாளில் இதே வழியில்தான் நடந்தன. பிரிட்டனின் பிபிசி 2007 ஜூலையில் தன் நிகழ்ச்சிகளை இணையத்தில் தர ஐபிளேயரைக் கொண்டுவந்தபோது தனி மென்பொருளை நிறுவச் சொன்னது. ஒருவர் இறக்கிய நிகழ்ச்சியை அது அவருடைய இணைப்பு வழியாகவே மற்றவர்களுக்கும் பரிமாறும். அந்த வருடம் டிசம்பரிலேயே உலாவிக்குள் நேராகப் பார்க்கும் வழியையும் பிபிசி திறந்தது. அதற்கும் ஃபிளாஷ் என்ற செருகுநிரல் தேவைப்பட்டது, ஆனால் அது ஏற்கனவே பெரும்பாலான கணினிகளில் இருந்தது.

அதே 2007-இல் நார்வேயின் ஓப்பரா நிறுவனம் ஒரு யோசனையை முன்வைத்தது. பக்கத்தில் படத்தை வைக்க ஒரு சொல் இருக்கிறதே, அதுபோலக் காணொளிக்கும் ஒரு சொல் இருக்கட்டும். மற்றதை உலாவி பார்த்துக்கொள்ளட்டும். கேட்க எவ்வளவு எளிது! நிறைவேற ஏழு வருடமாயிற்று. எந்தக் கோடெக் என்பதில் உலாவிக்காரர்கள் இரண்டு பட்டார்கள், எச்.264-க்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு, இலவசமாக உலாவியைத் தரும் அமைப்புகளால் அதைக் கட்ட முடியாது. 2013-இல் சிஸ்கோ நிறுவனம் தன் நிரலைத் திறந்து கொடுத்து, கட்டணத்தைத் தானே செலுத்துவதாக முன்வந்தது முடிச்சைத் தளர்த்தியது. எச்டிஎம்எல்5 என்ற புதிய விதித்தொகுப்பு 2014 அக்டோபர் 28 அன்று முறைப்படி வெளியானது. அடுத்த ஜனவரியில் யூடியூப் அந்த வழிக்கு மாறியது. ஃபிளாஷின் ஆயுள் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது.

இந்தப் புதிய ஏற்பாட்டில் பிளேயர் எங்கே இருக்கிறது? நம் ஊர்த் திண்ணையில் இருக்கிறது. வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளில் வாசலை ஒட்டி ரோவாக் என்று ஒரு மேடை இருக்கும், அதுவும் திண்ணைதான். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசலாம், தண்ணீர் குடிக்கலாம். கூடத்துக்குள் வர முடியாது. சேனலின் பக்கத்தைத் திறந்ததும் சில நூறு கிலோபைட் அளவில் ஒரு நிரல் கூடவே இறங்கிவருகிறது. உண்மையான பிளேயர் அதுதான். ஒரு நல்ல புகைப்படத்தின் எடைகூட அதற்கு இருக்காது. உலாவி அதை நாற்புறமும் சுவர் வைத்த ஓர் அறைக்குள் ஓடவிடுகிறது. குழந்தைகள் வெளியே மண்ணை இறைக்காமல் விளையாடுவதற்கான மணல்தொட்டியின் பெயரையே தொழில்நுட்பர்கள் அந்த அறைக்கு வைத்திருக்கிறார்கள். நிரலுக்கு உங்கள் கோப்புறைகள் கண்ணுக்கே தெரியாது. நீங்கள் கொடுக்காமல் மைக்கைத் தொட முடியாது. கணினியைத் திறக்கும்போது தானாக எழுந்துகொள்ள முடியாது.

திண்ணையில் உட்கார்ந்த அந்த நிரல் முதலில் ஒரு பட்டியலைக் கேட்டு வாங்குகிறது. நிகழ்ச்சி ஒரே நீளக் கோப்பாக இல்லை. நான்கு விநாடி, ஆறு விநாடி என்று துண்டு துண்டாக வெட்டிவைத்திருக்கிறார்கள். பாய் வியாபாரி சுருட்டி வைத்ததுபோல் இல்லாமல், வாழைக்காய் பஜ்ஜிக்குச் சீவிய மாதிரி. ஒவ்வொரு துண்டும் நான்கைந்து தரத்தில் தயாராக இருக்கும். எந்தத் துண்டு எங்கே, எந்தத் தரம் எவ்வளவு கனம் என்பதுதான் அந்தப் பட்டியல். நான்கு விநாடித் துண்டு என்றால் அரைமணிச் செய்திக்கு 450 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் இரண்டு மெகாபைட். வரும் வழியில் அது சுமார் 1,400 பொட்டலங்களாக உடைந்து, வந்தபின் ஒன்றுகூடுகிறது. அம்மா ஒரு செய்தியறிக்கை பார்த்து முடிப்பதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான பொட்டலங்கள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்திருந்தன.

பட்டியலில் எந்தத் தரத்தைக் கேட்பது? இந்த முடிவை ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாக எடுக்கிறது அந்தக் குட்டி நிரல். போன துண்டு எவ்வளவு விரைவாக வந்தது, கையிருப்பில் எத்தனை விநாடி இருக்கிறது என்று பார்த்து அடுத்ததைத் தேர்கிறது. இப்படிப் பொறுக்கிய துண்டுகளை உலாவியின் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்து ஒட்டச்சொல்லும் வசதி 2016 நவம்பரில்தான் முறையான விதியாயிற்று. மழை பெய்து இணைப்பு தளர்ந்தால் படம் சற்றுக் கலங்குகிறதே, அப்போது நிரல் மெலிந்த துண்டுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். நின்றுபோவதைவிடக் கலங்குவது மேல் என்பது அதன் கணக்கு. செய்தி கேட்பவருக்கு அது சரியான கணக்கும்கூட.

கையிருப்பு என்றேன். அதைப் புரிந்துகொள்ள இந்த ஊரிலேயே அருமையான உவமை நிற்கிறது. கொல்கத்தாவின் குடிநீர் வடக்கே பல்தாவில் ஹூக்ளி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்தமாக்கப்படுகிறது. அங்கிருந்து டாலா தொட்டிக்கு வருகிறது. 110 அடி உயரத்தில் இரும்பால் கட்டிய, 90 லட்சம் கேலன் பிடிக்கும் அந்தத் தொட்டி 1911 முதல் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது. உள்ளே நான்கு அறைகள். ஒன்றைக் கழுவும்போதும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். அதற்கப்புறம் அவரவர் மொட்டைமாடியில் ஒரு தொட்டி. காணொளிக்கும் இதே மூன்று கட்டம். சென்னையில் உள்ள மூல வழங்கி பல்தா. ஊருக்குள் வைத்திருக்கும் சேமிப்பு வழங்கி டாலா. கணினியின் நினைவகத்தில் முன்கூட்டியே நிரப்பிவைத்த சில விநாடிகள் மொட்டைமாடித் தொட்டி. இதற்குத் தாங்ககம் என்று பெயர். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் குளியலறையில் சீராகக் கொட்டுவது எதனாலோ, அதனால்தான் செய்தி வாசிப்பவர் திக்காமல் பேசுகிறார்.

ஊருக்குள் டாலா எதற்கு, நேரே சென்னையிலிருந்தே எடுக்கக்கூடாதா? தூரம் இதற்குப் பெரிய காரணம் இல்லை. ஹவுராவிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை சுமார் 1,660 கிலோமீட்டர். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒரு முழு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால் அதே தூரம் ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காரணம் கூட்டம். கொல்கத்தாவில் ஒரு லட்சம் பேர் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தால் விநாடிக்கு 400 ஜிகாபிட் நெடுந்தூரம் பயணப்பட வேண்டும். ஊருக்குள் ஒரு பிரதி இருந்துவிட்டால் நெடுவழியில் ஒரே ஒருமுறை வந்தால் போதும். பழைய பிளேயர்கள் தங்களுக்கென்று தனி மொழி வைத்து வழங்கியோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. அந்தப் பேச்சைச் சேமித்து வைக்க முடியாது. இப்போதைய துண்டுகளோ சாதாரணக் கோப்புகள். ஒரு புகைப்படத்தை, ஒரு கட்டுரையைச் சேமித்துப் பகிரும் அதே அலமாரியில் அவையும் உட்கார்ந்துகொள்கின்றன. 2009-இல் ஆப்பிளும் கையிலெடுத்த, 2012-இல் உலகப் பொதுவிதியாகவும் அமைந்த இந்தத் துண்டு முறையின் பெரிய சாதனை இதுதான் என்பேன். வழங்கியை எளிதாக்கி, அறிவைப் பார்ப்பவரின் பக்கம் கொண்டுவந்துவிட்டது.

அந்த எளிமையின் பலம் 2023 நவம்பர் 19 அன்று தெரிந்தது. உலகக்கோப்பைக் கிரிக்கெட் இறுதிப்போட்டியை இந்தியாவில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் இணையத்தில் பார்த்தார்கள். எங்கள் ஊர் ஈடன் கார்டன் மைதானத்தில் 68,000 பேர் உட்காரலாம். அப்படி எண்ணூறுக்கும் மேற்பட்ட ஈடன் கார்டன்கள் ஒரே நொடியில் நிரம்பிவழிந்ததற்குச் சமம்.

துண்டு முறைக்கு ஒரு விலையும் உண்டு. துண்டை வெட்டி முடித்தபின்தான் அனுப்ப முடியும். தொட்டியில் இரண்டு மூன்று துண்டு சேர்ந்தபின்தான் ஓட்ட முடியும். அதனால் இணையத்தில் நேரலை என்பது பல சமயம் 20, 30 விநாடி பழையது. ஈடன் கார்டனிலிருந்து எங்கள் வீடு நேர்கோட்டில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 15 விநாடி போதும். மைதானத்துக் கூச்சல் இவ்வளவு தூரம் கேட்குமானால், விக்கெட் விழுந்த செய்தியைத் திரைக்கு முன்பாகக் காற்று கொண்டுவந்துவிடும். பக்கத்து வீட்டு டிடிஎச் பெட்டியிலிருந்து வரும் ஆரவாரம் எங்களுக்கு முன்னோட்டமாக அமைவதும் இதனால்தான்.

இன்னொரு நுட்பத்தை அம்மாவே கண்டுபிடித்தார். "உதடும் குரலும் ஒட்டியே வருதே" என்றார். படமும் ஒலியும் பெரும்பாலும் தனித்தனித் துண்டுகளாகவே வருகின்றன, தனித்தனியாகக் கட்டப்படுகின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் அது எந்தக் கணத்தில் தோன்ற வேண்டும் என்ற நேரமுத்திரை குத்தியிருக்கும். பரவலாக வழங்கும் ஒரு முறையில் ஒரு விநாடியை 90,000 கூறாகப் பிரித்து அந்த முத்திரையை இடுகிறார்கள். இரண்டும் பிசகினால் ஒலியைத் தொடமாட்டார்கள். படத்தைத்தான் ஒன்றைத் தவிர்த்தோ, ஒன்றை இருமுறை காட்டியோ ஒலியோடு சேர்த்துவைப்பார்கள். ஒரு படம் தவறினால் கண் மன்னித்துவிடும். ஒலி ஒரு நொடித்துணுக்கு அறுந்தாலும் காது துள்ளிவிடும். கச்சேரியில் தாளம் போடுபவரைப் போல ஒலி முன்னால் போக, படம் பின்தொடர்கிறது.

பழைய மூட்டையில் இன்னும் பிரியாமல் இருக்கும் ஒரு பகுதியையும் சொல்லியாக வேண்டும். கட்டணம் வாங்கும் தளங்கள் துண்டுகளைப் பூட்டி அனுப்புகின்றன. அந்தப் பூட்டைத் திறக்க உலாவிக்குள் மூடிய ஒரு சிறு பெட்டகம் இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வெளியார் பார்க்க முடியாது. இதற்கான விதி 2017-இல் ஏற்கப்பட்டபோது இணைய உரிமைக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அமைப்பு, இணைய விதிகளை வகுக்கும் கூட்டமைப்பிலிருந்தே வெளியேறியது. அதன் வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். திறந்த வீட்டில் ஒரு பூட்டிய அறை. ஆனாலும் அந்தப் பெட்டகமும் இன்று சுவருக்குள் அடைபட்டே இயங்குகிறது. சாவிக்கொத்து அதன் கையில் இல்லை. தமிழ்ச் செய்தி போன்ற இலவச ஒளிபரப்புகளுக்கு அது தேவைப்படுவதும் இல்லை.

இந்த ஊருக்கும் இந்தக் கதைக்கும் நெருக்கம் அதிகம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்ட நகரங்களில் கல்கத்தாவும் ஒன்று. இந்தியாவின் முதல் 4ஜி சேவை 2012 ஏப்ரல் 10 அன்று இங்கேதான் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே விநாடிக்கு 56 கிலோபிட் கொடுத்த மோடத்தில் அம்மாவின் அரைமணிச் செய்தியை இறக்கியிருந்தால் 35 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதற்குள் கோரமண்டலில் ஏறிச் சென்னைக்கே போய், நிதானமாகக் குளித்துவிட்டு, அங்கே உட்கார்ந்து மறுநாள் செய்தியைப் பார்த்திருக்கலாம்.

ஏழரை மணிக்குச் செய்தி முடிந்தது. தாவலை மூடினேன். தொட்டியிலிருந்த கடைசிச் சில விநாடிகள் நினைவகத்திலிருந்து வடிந்தன. சிப்பின் பேட்டை உறங்கப்போயிற்று. சில நூறு கிலோபைட் விருந்தாளி திண்ணையைவிட்டு எழுந்துகொண்டது. நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து அம்மாவிடம் காட்டினேன். காலையில் இருந்ததற்கு மேல் ஒரு வரிகூட இல்லை.

"அப்போ நாளைக்கு மறுபடியும் எல்லாம் வரணுமா?" என்றார்.

"வரும்மா. ரெண்டு செகண்டுதான்."